முதல் இரண்டு நிமிடம்: மாணவர்கள் ஒரு த்ரில்லர் படத்தின் தொடக்கக் காட்சியை எடுப்பது எப்படி?

ஊடகவியல், திரைப்படம் படிக்கும் மாணவர்களுக்கு அடிக்கடி தரப்படும் ஒரு பயிற்சி உண்டு. ஒரு த்ரில்லர் படத்தின் முதல் இரண்டு நிமிடங்களை மட்டும் எடுக்க வேண்டும். முழுக் கதை வேண்டாம், தொடக்கம் போதும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பலரும் அந்த இரண்டு நிமிடத்துக்குள் கொலை, துரத்தல், கொலைகாரனின் முகம், கொலைக்கான காரணம் என எல்லாவற்றையும் திணித்து ஒரு குட்டிக் குறும்படத்தை எடுத்துவிடுகிறார்கள்.

தொடக்கக் காட்சியின் வேலை, பார்ப்பவர் மனதில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு ஒதுங்குவது. யாருக்கு, எப்போது, எவ்வளவு தெரியும் என்பதை நீங்கள் எப்படி வகுக்கிறீர்களோ, அதில்தான் அந்தக் கேள்வி பிறக்கிறது. கேமராவும் லைட்டும் அதற்கு அப்புறம்தான். ஒரே ஒரு சின்னக் கதையை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை போய்ப் பார்க்கலாம். அதற்கு ஒரு நடிகை, ஒரு வீடு, இரண்டு செல்போன்கள் போதும். வசனம் கிடையாது.

1. கதையை நான்கு வரியில் எழுதுங்கள்

மாலை நேரம். ஒரு பெண் பூட்டைத் திறந்து வீட்டுக்குள் வருகிறாள். காலையிலிருந்து அவள் போனைக் காணவில்லை. இழுப்பறையில் கிடக்கும் பழைய போனை எடுத்துத் தன் எண்ணுக்கு அழைக்கிறாள். மூடியிருக்கும் உள்ளறையிலிருந்து மணி ஒலிக்கிறது. அப்பாடா என்று சிரித்தபடி அந்த அறையை நோக்கி நடக்கிறாள். பாதி வழியில் யாரோ அழைப்பைத் துண்டிக்கிறார்கள்.

இவ்வளவுதான். இதை நண்பரிடம் சொல்லிப் பாருங்கள். "அப்புறம்?" என்று கேட்டால் கதை வேலை செய்கிறது. "ஏன் அவள் அப்படிச் செய்தாள்?" என்று கேட்டால் இன்னும் எளிமையாக்க வேண்டும். துப்பாக்கி, ரத்தம், முகமூடி எதுவும் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவற்றை நம்பும்படி காட்டப் பணமும் பழக்கமும் வேண்டும். மூடிய கதவுக்கு இரண்டுமே தேவையில்லை.

2. யாருக்கு என்ன தெரியும்?

நான் மிக முக்கியமாக நினைக்கும் கட்டம் இது. பலர் இதைத் தாண்டி நேராக கேமராவுக்குப் போய்விடுகிறார்கள்.

மேலே சொன்ன கதையை அப்படியே எடுத்தால், பார்ப்பவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒரே அளவுதான் தெரியும். அழைப்பு துண்டிக்கப்படும் நொடியில் இருவரும் சேர்ந்து அதிர்கிறார்கள். அந்த அதிர்ச்சி ஒரு நொடியில் முடிந்துவிடும். அதற்கு முந்தைய ஒன்றரை நிமிடமும் வெறும் காத்திருப்பு.

இப்போது ஒரே ஒரு ஷாட்டைச் சேர்ப்போம். அவள் இழுப்பறையைத் துழாவிக்கொண்டிருக்கும்போது, பின்னணியில் உள்ளறைக் கதவின் அடியில் ஒரு வெளிச்சக் கோடு தெரிகிறது. அந்தக் கோட்டின் குறுக்கே இரண்டு நிழல்கள் வந்து நிற்கின்றன. கால்கள். அவள் அதைப் பார்க்கவில்லை, நாம் பார்த்துவிட்டோம். இனி அவள் சிரிப்பதும், கதவை நோக்கி வைக்கும் ஒவ்வொரு அடியும் நமக்குத் தாங்க முடியாததாகிவிடும். நடிப்பும் இடமும் மாறவில்லை, நமக்குத் தெரிந்த ஒரு தகவல்தான் கூடியிருக்கிறது.

ஒரு தாளில் நெடுக்காக மூன்று பத்திகள் போடுங்கள்: கதாபாத்திரத்துக்குத் தெரிந்தது, பார்ப்பவருக்குத் தெரிந்தது, இருவருக்குமே தெரியாதது. ஒவ்வொரு 15 நொடிக்கும் ஒரு வரி எழுதுங்கள். ஒரு வரியில் மாற்றமே இல்லையென்றால் அந்த 15 நொடி படத்தில் தேவையில்லை. மூன்றாவது பத்தியில் கடைசிவரை ஒரு விஷயமாவது மிஞ்ச வேண்டும். நம் கதையில் அது: உள்ளே இருப்பது யார்?

3. பார்த்துப் பழகுங்கள்

உங்களுக்குப் பிடித்த நான்கைந்து த்ரில்லர் படங்களின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேளுங்கள். மூன்றாவது முறை, ஒவ்வொரு ஷாட்டும் எத்தனை நொடி நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பதற்றம் கூடும் இடத்தில் எப்போதும் வெட்டுகள் வேகமாகும் என்றுதான் நினைத்திருப்பீர்கள். பல நேரம் அதற்கு நேர் எதிராக, ஒரே ஷாட் வெட்டாமல் நீண்டு நிற்கும்.

4. ஷாட் பட்டியலும் போட்டோ ஒத்திகையும்

வழக்கமான வடிவத்தில் எழுதிய திரைக்கதையில் ஒரு பக்கம் என்பது தோராயமாக ஒரு நிமிடம். ஆகவே உங்களுக்கு இரண்டு பக்கம்தான். அதிலிருந்து ஷாட் பட்டியல் தயாரியுங்கள். இரண்டு நிமிடத்துக்கு 20 முதல் 30 ஷாட் வரை வரலாம். நம் கதையின் நடுப்பகுதி இப்படி இருக்கும்:

– மிட் ஷாட் (இடுப்புக்கு மேல் தெரியும்படி): அவள் இழுப்பறையைத் திறக்கிறாள். பின்னணியில் கதவு, அவுட் ஆஃப் ஃபோகஸில்.
– க்ளோஸ் அப்: பழைய போனைக் கை எடுக்கிறது.
– அதே மிட் ஷாட்: ஃபோகஸ் மெதுவாகக் கதவுக்கு மாறுகிறது. அடியில் நிழல்கள்.
– க்ளோஸ் அப்: அவள் முகம், காதில் போன்.
– வைட் ஷாட்: வீடு முழுவதும். மணி ஒலிக்கிறது. அவள் சிறிய உருவமாக நிற்கிறாள்.

ஒவ்வொரு ஷாட்டையும் படமாக வரையும் ஸ்டோரிபோர்டு வராது என்று கவலைப்பட வேண்டாம். அதே இடத்தில் நண்பரை நிற்க வைத்து, ஒவ்வொரு ஷாட்டையும் செல்போனில் போட்டோ எடுங்கள். அந்தப் படங்களை எடிட்டிங் செயலியில் வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நொடி ஒதுக்கி, மணி ஒலியையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். படப்பிடிப்புக்கு முன்பே உங்கள் படத்தின் முதல் வடிவம் கையில் வந்துவிடும். எந்த ஷாட் விட்டுப்போனது, எது தேவையில்லை என்பது இங்கேயே தெரிந்துவிடும். அரை நாள் ஆகும்தான், ஆனால் படப்பிடிப்பு அன்று எல்லோரும் நின்று யோசித்துக்கொண்டிருக்கும் நேரம் மிச்சமாகும்.

டைட்டில்கள் எங்கே வரும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். எழுத்து வரவேண்டிய ஷாட்டில் ஒரு பக்கம் காலியாக இருக்கும்படி ஃப்ரேம் வைக்க வேண்டும்.

5. இடம் பார்ப்பது

படப்பிடிப்பு நடக்கப்போகும் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். காலையில் அமைதியாக இருக்கும் வீடு மாலையில் அப்படி இருக்காது. ஒரு நிமிடம் பேசாமல் நின்று கேளுங்கள்: மின்விசிறி, பிரிட்ஜ், சாலை, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி. அணைக்க முடிந்தவை எவை, முடியாதவை எவை என்று எழுதிக்கொள்ளுங்கள். கதவுக்கு அடியில் நிழல் தெரியும் அளவுக்கு இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் நம் கதையே நடக்காது.

உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நடிப்பவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். தரையில் ஓடும் ஒயர்களை டேப் போட்டு ஒட்டுங்கள். உங்கள் கதையில் ஆயுதம் இருந்தால், பொம்மையாக இருந்தாலும் பொது இடத்தில் வெளியே எடுக்கவே வேண்டாம். பார்ப்பவர்களுக்கு அது நிஜம்தான்.

6. படப்பிடிப்பு

இயக்கம், கேமரா, ஒலி, கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் விவரங்கள் மாறாமல் பார்ப்பது) ஆகிய நான்கு பொறுப்புகளும் ஆளுக்கு ஒன்றாக இருக்கட்டும். கன்டினியூட்டி பார்ப்பவரைச் சும்மா நிற்பவர் என்று எண்ண வேண்டாம். பை எந்தத் தோளில், போன் எந்தக் கையில் என்று ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் போட்டோ எடுத்து வைப்பவர் அவர்தான்.

செல்போன் கேமராவே போதும். ஆனால் அதன் ஆட்டோ வசதிகளை அணைத்துவிடுங்கள். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், வைட் பேலன்ஸ் (நிறச் சமன்) மூன்றையும் லாக் செய்யாவிட்டால், அவள் நடக்க நடக்கப் படம் தானாக வெளுக்கும், கறுக்கும். கையால் மாற்றும் வசதி உள்ள செயலி இருந்தால் நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் வேகம் 1/50 நொடி வையுங்கள். மின்சாரம் 60 ஹெர்ட்ஸில் வரும் நாடுகளில் 30 ஃப்ரேம், 1/60. இப்படி வைத்தால் விளக்குகளின் படபடப்புப் படத்தில் விழாமல் தவிர்க்கலாம். போன் திரையைப் படம் பிடிக்கும்போது அதன் பிரைட்னஸைக் குறைத்து வையுங்கள், இல்லையென்றால் வெறும் வெள்ளைக் கட்டமாகத் தெரியும். திரையில் யாருடைய உண்மையான எண்ணும் தெரியக் கூடாது.

இனி வெளிச்சம். த்ரில்லர் என்றதும் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டால் படத்தில் வருவது இருள் இல்லை, புள்ளி புள்ளியான இரைச்சல். ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து வலுவான ஒரு வெளிச்சம் வேண்டும். மேசை விளக்கு ஒன்றை அவள் முகத்துக்குப் பக்கவாட்டில் வைத்து, மறுபக்கத்தை அப்படியே விட்டுவிடுங்கள். பாதி முகம் வெளிச்சத்திலும் பாதி நிழலிலும் இருக்கும். உள்ளறைக்கு இன்னொரு விளக்கு, கதவிலிருந்து தள்ளி, தரையோடு. அதற்கும் கதவுக்கும் நடுவே ஒருவர் வந்து நின்றால் நிழல்கள் தெளிவாக விழும். சாளரத்துக்கு வெளியே இரவு போலத் தெரிய வேண்டுமா? சூரியன் மறைந்தபின் வானத்தில் நீலம் மிச்சமிருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் எடுங்கள். முழு இரவில் எடுத்தால் சாளரம் கறுப்புப் பலகைபோல இருக்கும்.

அவளையும் கதவையும் இணைத்து ஒரு கோடு போட்டுக்கொண்டு, கேமராவை எப்போதும் அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் வையுங்கள். மறுபக்கம் போனால், கதவை நோக்கி நடப்பவள் அதைவிட்டு விலகிப் போவதுபோலத் தெரியும். 180 டிகிரி விதி என்பது இதுதான். ஒவ்வொரு அசைவையும் ஷாட்டின் எல்லைக்குச் சற்று முன்பே தொடங்கி, முடிந்தபின்பும் சில நொடி விட்டு கட் சொல்லுங்கள். போனை எடுக்கும் கையை மிட் ஷாட்டிலும் க்ளோஸ் அப்பிலும் முழுமையாக எடுத்தால்தான், கை நகரும்போதே வெட்டி ஒட்ட முடியும்.

ஒலிக்கு இன்னொரு செல்போனை அவள் அருகில், ஃப்ரேமுக்கு வெளியே வைத்துப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் ஒரு கைதட்டல் போதும், பிறகு ஒலியையும் படத்தையும் பொருத்திவிடலாம். கிளம்புமுன் எல்லோரும் அசையாமல் நின்று, வெறும் அறையின் ஒலியை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள்.

7. எடிட்டிங்

ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் லெவ் குலெஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர், ஒரு நடிகரின் உணர்ச்சியில்லாத ஒரே முகத்தை வெவ்வேறு காட்சிகளுக்கு அருகில் ஒட்டிக் காட்டினார். சூப் கிண்ணத்தோடு பார்த்தவர்களுக்கு அந்த முகத்தில் பசி தெரிந்தது, சவப்பெட்டியோடு பார்த்தவர்களுக்குச் சோகம் தெரிந்தது. அதனால் உங்கள் நடிகையிடம் "இன்னும் பயப்படு" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டாம். அமைதியான முகத்தை எடுத்து, நிழல் விழுந்த கதவுக்குப் பக்கத்தில் வையுங்கள். பயத்தைப் பார்ப்பவர் தானே சேர்த்துக்கொள்வார்.

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு இந்த வேலைக்குத் தாராளம். முதல் எடிட்டைப் பின்னணி இசை இல்லாமல் முடியுங்கள். இசையில்லாமல் பதறாத காட்சியை இசை காப்பாற்றாது, மூடி மறைக்கத்தான் செய்யும். அவள் சிரித்தபடி நடக்கும் ஷாட்டை வெட்டாமல் விடுங்கள். போதும் என்று உங்களுக்குத் தோன்றும் இடத்துக்கு மேல் இரண்டு நொடி போகட்டும்.

8. ஒலி

நம் கதையில் வில்லன் ஒரு மணி ஒலிதான். நிஜமாகவே அறைக்குள் போனை வைத்து, கதவை மூடி, வெளியிலிருந்து பதிவு செய்யுங்கள். கதவு கூர்மையான அதிர்வெண்களைத் தடுத்துவிடுவதால் அமுங்கிய ஒலி கிடைக்கும். முடியாவிட்டால் எடிட்டிங்கில் லோ பாஸ் ஃபில்டர் போட்டு 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைக் குறைத்துப் பாருங்கள். அவள் கதவை நெருங்க நெருங்க அந்த வரம்பையும் ஒலியளவையும் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும்.

மணியை எங்கே நிறுத்துவது? ஒரு சுற்று முழுதாக ஒலித்து முடிந்தபின் நிறுத்தினால், எடுக்காத அழைப்பு தானாக நின்றுவிட்டது என்றுதான் தோன்றும். சுற்றின் நடுவில், பாதி ஒலியில் அறுக்க வேண்டும். அப்போதுதான் ஒரு விரல் பொத்தானை அழுத்தியது புரியும். அதன்பின் அறையின் ஒலி மட்டும். அப்படியே அவள் முகம், பிறகு கறுப்பு, டைட்டில்.

இசையோ வேறு ஒலியோ தேவைப்பட்டால் ஃப்ரீசவுண்ட் போன்ற தளங்களில் தேடலாம். ஒவ்வொரு கோப்பின் உரிமத்தையும் படியுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் சிசி0 என்றால் அப்படியே பயன்படுத்தலாம், சிசி பை என்றால் படைத்தவர் பெயரைப் போட வேண்டும். பிரபலமான பாட்டை ரிங்டோனாக வைக்க வேண்டாம்.

9. டைட்டில்

தயாரிப்பு நிறுவனம், நடிகர்கள், படத்தின் பெயர், தொழில்நுட்பக் கலைஞர்கள், கடைசியில் இயக்குநர் என்பது பரவலான வரிசை. நாம் படத்தின் பெயரைக் கடைசிக்குத் தள்ளிவிட்டோம், அப்படியும் செய்வதுண்டு. எழுத்தைத் திரையின் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி வையுங்கள். ரத்தம் சொட்டும் எழுத்துரு வேண்டாம், மெல்லிய எளிய எழுத்து போதும். நிழல் தோன்றும் ஷாட்டின் மேல் எந்தப் பெயரும் வரக் கூடாது. வந்தால் கண் எழுத்துக்குப் போய்விடும், நிழலைத் தவறவிடுவார்கள்.

10. போட்டுக் காட்டுங்கள்

கதை தெரியாத ஐந்தாறு பேரிடம் காட்டுங்கள். முன்னுரை சொல்லாதீர்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். என்ன நடந்தது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். எந்த இடத்தில் முதல்முறை ஏதோ சரியில்லை என்று தோன்றியது என்று கேளுங்கள். "உள்ளே யார் இருக்கிறார்கள்?" என்று அவர்கள் உங்களைத் திருப்பிக் கேட்டால் எடிட்டைத் தொடாதீர்கள். "அது யாருடைய போன்?" என்று கேட்டால், அவள் வீட்டுக்குள் வந்ததும் பையில் போனைத் தேடும் ஷாட்டை இன்னும் இரண்டு நொடி நீட்டுங்கள். இரண்டு பேருக்கு மேல் நிழலைக் கவனிக்காமல் விட்டிருந்தால், உள்ளறை விளக்கைக் கூட்டி அந்த ஒரு ஷாட்டை மட்டும் மறுபடி எடுத்துவிடுங்கள்.