சொந்த விதைநெல் எடுத்து வைப்பது எப்படி?

வீரிய ஒட்டு நெல்லின் அறுவடையை மறுபடி விதைத்தால் குணம் பிரிந்துவிடும். பட்டத்துக்குப் பட்டம் கம்பெனி விதைக்குக் காசு எடுத்து வைக்க வேண்டும். பாரம்பரிய ரகமான மாப்பிள்ளைச் சம்பாவில் அந்தத் தொல்லை இல்லை.

விதைக்கு வயலின் நடுப்பகுதியை ஒதுக்குங்கள். வரப்போரக் கதிர் வேண்டாம், பக்கத்து ரகம் கலந்திருக்கும். பூக்கும்போதும் முற்றும்போதும் வயலில் இறங்கி, உயரமோ நிறமோ மாறிய பயிரைப் பிடுங்கிவிடுங்கள். இதில் சோம்பல்பட்டால் சில வருடங்களில் உங்கள் ரகம் எதுவென்று உங்களுக்கே தெரியாது. கதிரைக் கையால் அடியுங்கள். அறுவடை இயந்திரத்துக்குள் முந்தைய வயலின் நெல் ஒளிந்திருக்கும். உச்சிவெயிலைத் தவிர்த்துக் காயவையுங்கள். கடித்தால் ‘நறுக்’கென்று முறிய வேண்டும். நொச்சி இலை போட்டுச் சாக்கில் கட்டி, பலகைமேல் வையுங்கள். விதைப்புக்கு முன் 100 மணியை ஈரத்துணியில் முடிந்து பாருங்கள். 80 முளைத்தால் போதும்.

“விதை கொடுத்தால் வழக்கு வருமா?” என்று என் மைத்துனர் பயந்தார். தான் பதிவு செய்த ரகத்தைப் பயிரிட்டதாக 2019இல் குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள் மீது பெப்சிகோ வழக்குத் தொடுத்த செய்தி அவரை உலுக்கியிருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் கம்பெனி வழக்குகளைத் திரும்பப் பெற்றதைச் சொன்னேன். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி உழவர் விதையைச் சேமிக்கலாம், பரிமாறலாம், விற்கலாம். இந்தச் சட்டத்தில் பதிவாகிப் பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பிராண்டு விதையாக விற்கத்தான் தடை. மைத்துனருக்கு ஒரு மரக்கால் அளந்துவிட்டேன்.