மடங்கு கூடினால் விவரம் கூடாது: தொலைநோக்கி ஒளிப்படத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொலைநோக்கி வாங்க நினைப்பவர்கள் கடையில் முதலில் கேட்பது, "இது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்பதுதான். விற்பவர்களும் இதை அறிந்திருப்பதால், 70 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியத் தொலைவும் கொண்ட சிறிய கருவியின் பெட்டிமேல் '525 மடங்கு' என்று பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். கணக்கில் பிழையில்லை. 700-ஐ, கண் வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸின் 4 மி.மீ. குவியத் தொலைவால் வகுத்தால் 175. அதனுடன், பிம்பத்தை மேலும் பெரிதாக்கும் துணை லென்ஸான 3 மடங்கு பார்லோவைச் சேர்த்தால் 525. ஆனால் 70 மி.மீ. விட்டமுள்ள லென்ஸ் சேகரிக்கும் ஒளிக்கு அத்தனை மடங்கைத் தாங்கும் வலு கிடையாது. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வரும் எண்தான், காற்று மிக அமைதியாக இருக்கும் இரவிலும், பயன் தரும் உச்ச அளவு. இந்தக் கருவிக்கு அது 140. அதைத் தாண்டினால் வியாழன் பெரிதாகும், மங்கும், கலங்கும். அதன்மேல் புதிதாக ஒரு பட்டைகூடத் தெரியாது.

கேமராவைப் பொருத்தியதும் இந்த 'மடங்கு' என்ற கணக்கே பொருளற்றுப்போகிறது. அதை உணராமல் இருப்பதுதான் வான் ஒளிப்படத்தில் நேரும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர். ஐபீஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேமராவை வைத்தால், தொலைநோக்கி ஒரு நீண்ட லென்ஸாகவே செயல்படுகிறது. பிம்பம் நேரடியாக சென்சார்மேல் விழுகிறது. அதன் அளவைக் குவியத் தொலைவு தீர்மானிக்கிறது. 1000 மி.மீ. குவியத் தொலைவில் முழுநிலவின் பிம்பம் ஏறத்தாழ 9 மி.மீ. அகலம் இருக்கும், வியாழனின் பிம்பமோ, அது பூமியை நெருங்கும் காலத்திலும் கால் மில்லிமீட்டரை எட்டாது. அந்தப் பிம்பம் எத்தனை துண்டுகளாகப் பதிவாகிறது என்பது பிக்சலின் அளவைப் பொறுத்தது. அதற்குள் உண்மையில் எவ்வளவு நுண்விவரம் இருக்கிறது என்பதை விட்டமும் நம் தலைக்கு மேலுள்ள காற்றும் முடிவுசெய்கின்றன. மற்றவற்றைக் கவனிக்காமல் குவியத் தொலைவை மட்டும் நீட்டுவதுதான் முதல் தவறு.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கோடு பார்ப்போம். 200 மி.மீ. விட்டம், 1000 மி.மீ. குவியத் தொலைவு, அதாவது எஃப்/5 விகிதம் (குவியத் தொலைவை விட்டத்தால் வகுத்தால் வருவது) கொண்ட, ஆடியால் ஒளியைக் குவிக்கும் நியூட்டன் வகைத் தொலைநோக்கி பலரிடம் இருக்கிறது. ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்கை வில்நொடி என்போம். டாஸ் வரம்பு எனப்படும் விதியின்படி, 116-ஐ விட்டத்தால் வகுத்தால், ஒரு தொலைநோக்கி பிரித்துக்காட்டக்கூடிய மிக நெருங்கிய இரு விண்மீன்களின் இடைவெளி வில்நொடியில் கிடைக்கும். இங்கே அது 0.58. அந்த நுண்மையைப் பதிவுசெய்ய அதன் குறுக்கே இரண்டு அல்லது மூன்று பிக்சல்கள் விழுந்தால் போதும். கோள்களைப் படமெடுப்பவர்கள் இதையே எளிய வாய்பாடாக வைத்திருக்கிறார்கள்: பிக்சலின் அளவை மைக்ரானில் எடுத்து, நான்கு அல்லது ஐந்தால் பெருக்கினால் வருவதுதான் ஏற்ற எஃப் விகிதம். 2.9 மைக்ரான் பிக்சல் உள்ள கேமராவுக்கு அது ஏறத்தாழ எஃப்/12-க்கும் எஃப்/14.5-க்கும் இடையே வரும். ஆகவே இந்தத் தொலைநோக்கிக்கு 2.5 மடங்கு பார்லோ பொருத்தமானது. ஒரு பிக்சலுக்கு 0.24 வில்நொடி, 45 வில்நொடி அகலமுள்ள வியாழன் திரையில் 188 பிக்சல் அகலத்தில் அமரும்.

188 பிக்சல் என்பது கணினித் திரையில் மிகச் சிறியது. முதன்முதலாகப் பார்ப்பவர்கள் ஏமாற்றம் அடைவது இயல்பு. உடனே 5 மடங்கு பார்லோவை வாங்கி எஃப்/25-க்குப் போகிறார்கள். வியாழனின் அகலம் 376 பிக்சலாகிறது. ஆனால் அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவுவதால், ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் ஒளி கால்பங்காகக் குறைகிறது. முன்பு 8 மில்லிநொடியில் எடுத்த காணொளியின் ஒரு சட்டகத்துக்கு (ஃபிரேம்) இப்போது 32 மில்லிநொடி வேண்டும். இங்குதான் உண்மையான இழப்பு இருக்கிறது. கோள்களை நாம் காணொளியாக எடுப்பதே, சில மில்லிநொடிகளுக்குள் மாறிக்கொண்டிருக்கும் காற்றின் அலைவை உறையவைத்து, ஆயிரக்கணக்கான சட்டகங்களில் தெளிவானவற்றை மட்டும் பொறுக்கி அடுக்குவதற்காகத்தான். வெளிப்பாட்டு நேரம் நீண்டால் ஒவ்வொரு சட்டகத்திலும் அலைவு கலந்துவிடும். சட்டகங்களின் எண்ணிக்கையும் குறையும். நேரத்தை நீட்டாமல், சென்சாரின் சமிக்ஞையைப் பெருக்கும் கெயினை ஏற்றினால் இரைச்சல் கூடும். ஆக, பெரிதாக்கியதால் கிடைத்தது அளவு மட்டுமே. அதற்கு விலையாகக் கொடுத்தது கூர்மை.

பார்லோவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் நேரும் தவறு கண்ணுக்குத் தெரியாதது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோவின் பெயரைத் தாங்கிய இந்த லென்ஸ், ஒளிக்கதிர்கள் குவிவதைத் தாமதப்படுத்தும் குழிலென்ஸ்தான். அதன்மேல் 'இரண்டு மடங்கு' என்று எழுதியிருப்பது, ஐபீஸை வழக்கமான இடத்தில் செருகும்போது மட்டுமே பொருந்தும். லென்ஸிலிருந்து சென்சார்வரை உள்ள தூரத்தை, லென்ஸின் குவியத் தொலைவால் வகுத்து, ஒன்றைக் கூட்டினால் வருவதே உண்மையான மடங்கு. 60 மி.மீ. குவியத் தொலைவுள்ள பார்லோவுக்குப் பின்னால் 60 மி.மீ. தள்ளி சென்சார் இருந்தால் இரண்டு மடங்கு. நடுவில், வடிப்பான்களை மாற்றும் ஃபில்டர் வீலும் ஓர் இணைப்புக் குழாயும் சேர்ந்து 30 மி.மீ. கூடினால் அது 2.5 மடங்கு. பலர் தாங்கள் எஃப்/10-இல் எடுப்பதாக நம்பிக்கொண்டு எஃப்/13-இல் எடுக்கிறார்கள்.

இதைச் சரிபார்ப்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. எடுத்த படமே போதும். வியாழனின் நடுக்கோட்டு அகலத்தைப் பிக்சலில் அளந்துகொள்ளுங்கள். அன்றைய இரவில் அதன் தோற்ற விட்டம் எத்தனை வில்நொடி என்பதை ஸ்டெல்லேரியம் போன்ற மென்பொருள் காட்டும். பிக்சல் எண்ணிக்கையை மைக்ரானில் உள்ள பிக்சல் அளவாலும் 206.265-ஆலும் பெருக்கி, தோற்ற விட்டத்தால் வகுத்தால், உண்மையான குவியத் தொலைவு மில்லிமீட்டரில் வரும். மேலே சொன்ன அமைப்பில் வியாழன் 45 வில்நொடியாக இருக்கும்போது 188-க்குப் பதில் 210 பிக்சல் வந்தால், குவியத் தொலைவு 2500 அல்ல, ஏறத்தாழ 2790 மி.மீ.; எஃப்/14. இது இன்னும் ஏற்ற எல்லைக்குள்தான் இருக்கிறது என்பதால் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் தெரிந்துகொண்டு எடுப்பது வேறு, தெரியாமல் எடுப்பது வேறு.

பார்லோவின்மேல் பார்லோவை அடுக்குவதும், பதிவின்போதே டிஜிட்டல் ஜூம் செய்வதும் இதே வகைத் தவறுகள். நீட்டி விளக்கத் தேவையில்லை. கைப்பேசியை ஐபீஸில் பொருத்தி எடுப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐபீஸ் தரும் மடங்கை, கைப்பேசி லென்ஸின் உண்மையான குவியத் தொலைவால் பெருக்கினால் மொத்தக் குவியத் தொலைவு கிடைக்கும். 100 மடங்கு தரும் ஐபீஸுக்குப் பின்னால் 5 மி.மீ. லென்ஸ் இருந்தால் அது 500 மி.மீ. கேட்பதற்குக் குறைவாகத் தோன்றினாலும், கைப்பேசியின் பிக்சல் 1 மைக்ரான் அளவுக்குச் சிறியது என்பதால், ஒரு பிக்சலுக்கு 0.41 வில்நொடி என்ற நுண்மை ஏற்கெனவே கைக்கு வந்துவிடுகிறது. அங்கே திரையை விரித்து ஜூம் செய்வதால் எதுவும் கூடாது. வெளிப்பாட்டைக் குறைத்து, ஃபோகஸைப் பூட்டி, காணொளியாக எடுப்பதே பலன் தரும்.

கண்ணாடிகளின் ஒருங்கமைவு, அதாவது கொலிமேஷன், அடுத்தது. "பார்லோ போட்டு எஃப்/12-க்குப் போய்விட்டேன், இனி கொலிமேஷன் சற்று விலகியிருந்தாலும் பரவாயில்லை" என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது முற்றிலும் தவறு. முதன்மை ஆடியின் எஃப் விகிதம்தான் கணக்கில் வரும். எஃப்/8 ஆடியில், விண்மீன்களை வால் முளைத்ததுபோல் இழுத்துக்காட்டும் கோமா என்ற பிறழ்ச்சி தொந்தரவு செய்யாத நடுப்பகுதி 11 மி.மீ. அகலம், எஃப்/5 ஆடியில் அது 3 மி.மீ.-க்கும் குறைவு. அந்தச் சிறு வட்டம் சென்சாரின் நடுவில் விழவில்லையென்றால், பார்லோ அந்தப் பிறழ்ச்சியையும் சேர்த்தே பெரிதாக்கித் தரும். ஒவ்வொரு இரவும், படமெடுக்கும் முன், நடுத்தர ஒளியுள்ள ஒரு விண்மீனைச் சற்றே ஃபோகஸ் விலக்கிப் பார்த்து, வளையங்கள் ஒரே மையத்தில் இருக்கின்றனவா என்று சோதித்துக்கொள்வது நல்லது. ஆடி வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வரும்வரை இந்தச் சோதனையும் ஏமாற்றும், ஏ.சி. அறையிலிருந்து கொண்டுவந்த தொலைநோக்கி என்றால் இன்னும் நேரம் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் சரிசெய்த பின்னும் காற்று இடம் கொடுக்க வேண்டும். பகல் முழுவதும் வெயில் குடித்த கான்கிரீட் மொட்டைமாடி, இரவு நெடுநேரம்வரை வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டிருக்கும். தொலைநோக்கியின் முன்னால் எழும் அந்தச் சூடான காற்று எந்த நல்ல ஆடியையும் வீணாக்கிவிடும். மண்தரையோ புல்தரையோ கிடைத்தால் அங்கே வையுங்கள். மாடிதான் என்றால் நள்ளிரவுக்குப் பின் எடுங்கள். கோள் அடிவானத்தருகே இருக்கும்போது அவசரப்பட்டு எடுக்கவும் கூடாது, ஏனெனில் அங்கே தடித்த காற்று, நீலத்தையும் சிவப்பையும் தனித்தனியே விலக்கி, கோளின் விளிம்புகளில் நிறக்கீற்றுகளை உண்டாக்கும். இந்த விஷயத்தில் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குப் பெரிய அனுகூலம் இருக்கிறது. 2020 ஜூலையில் வியாழன் தனுசு விண்மீன்குழுவில் இருந்தபோது, லண்டனில் அது 17 பாகை உயரத்தைத் தாண்டவில்லை. சென்னையிலோ ஏறத்தாழ 55 பாகைக்கு ஏறியது. அங்குள்ளவர்கள் ஏங்கும் உயரம் நமக்கு ஆண்டுதோறும் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தாமல், கோள் உதித்த அரைமணி நேரத்தில் எடுத்துவிட்டுத் தூங்கப் போவது வருத்தத்துக்குரியது.

நெபுலாக்களையும் (வான்முகில்கள்) விண்மீன் மண்டலங்களையும் (கேலக்ஸிகள்) எடுப்பவர்களிடம் வேறு வகையில் இதே தவறு தோன்றுகிறது. அவை தொலைவில் இருப்பதால் சிறியவை என்று நினைத்துவிடுகிறார்கள். ஆண்ட்ரோமெடா மண்டலம் வானத்தில் 3 பாகைக்கு நீண்டிருக்கிறது. ஆறு முழுநிலவுகளை வரிசையாக வைத்த அகலம். பல கேமராக்களில் உள்ள ஏபிஎஸ்-சி அளவுச் சென்சாருடன் 1000 மி.மீ. குவியத் தொலைவில் 1.35 பாகைதான் சட்டகத்துக்குள் வரும், 400 மி.மீ.-இல் முழு மண்டலமும் இடம் விட்டு அமரும். குவியத் தொலைவு கூடக் கூட, தொலைநோக்கியைத் தாங்கி வானத்தோடு நகர்த்தும் மவுண்ட்டின் சிறு தடுமாற்றமும் படத்தில் அதே விகிதத்தில் பெரிதாகும். நீண்ட வெளிப்பாட்டில் காற்றே விண்மீன்களை இரண்டு, மூன்று வில்நொடிக்குப் பரப்பிவிடுவதால், ஒரு பிக்சலுக்கு ஒன்று முதல் இரண்டு வில்நொடி என்ற அளவே இந்த வகைப் படங்களுக்குப் போதும். தொடக்கத்தில் குறுகிய குவியத் தொலைவே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

சூரியனைப் பொறுத்தவரை ஒரே எச்சரிக்கை: வடிப்பான் தொலைநோக்கியின் முன்வாயில்தான் இருக்க வேண்டும். ஐபீஸில் திருகும் சிறு சூரிய வடிப்பான்கள் குவிந்த வெப்பத்தில் விரிசல் விடும், கண் போய்விடும். பெட்டியில் அப்படி ஒன்று வந்திருந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள்.

கடைசியாக, கணினியில் நேரும் தவறுகள். வியாழன் 10 மணி நேரத்துக்குள் ஒருமுறை சுழன்றுவிடுகிறது. அதன் வட்டத்தட்டின் நடுவில் உள்ள ஒரு புள்ளி நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.24 வில்நொடி நகர்கிறது. 200 மி.மீ. தொலைநோக்கியின் 0.58 வில்நொடி நுண்மையை அது இரண்டரை நிமிடத்தில் கடந்துவிடும். ஆகவே காணொளியை அதற்கு மேல் நீட்டினால், அடுக்கும்போது விவரம் தேயும். நீட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வின்ஜூபோஸ் போன்ற மென்பொருளில் சுழற்சியைத் திருத்த வேண்டும். அடுக்கிய படத்தைக் கூர்மையாக்கும்போது ஏற்படும் ஆசை இன்னும் ஆபத்தானது. நுண்விவரங்களை அளவுவாரியாகக் கூர்மையாக்கும் வேவ்லெட் பட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனால், செவ்வாயின் ஒளிமிக்க விளிம்புக்கு உள்ளே ஒரு மெல்லிய கரிய வில் தோன்றும். அது செவ்வாயில் இல்லை, ஒளியின் விளிம்பு விளைவு கூர்மையாக்கலில் மிகைப்பட்டு வெளிப்படுவது. படத்தை 1.5 மடங்கு பெரிதாக்க விரும்பினால் எல்லாத் திருத்தமும் முடிந்த பின் செய்யலாம், அதில் குற்றமில்லை. ஆனால் திரையில் தெரியும் ஒரு புள்ளியோ கோடோ உண்மையா என்ற ஐயம் எழுந்தால், காணொளியை முன்பாதி, பின்பாதி எனப் பிரித்து, இரண்டையும் தனித்தனியே அடுக்கி, ஒரே அளவில் கூர்மையாக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் மட்டும் இருந்தால் அது இரைச்சல். இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால், அடுத்த நாள் எடுத்த காணொளியிலும் அதைத் தேடிப் பாருங்கள். கருவியின் குறையும் இரண்டு பாதிகளிலும் தவறாமல் வந்து நிற்கும், ஆனால் அது கோளோடு சேர்ந்து சுழலாது.