பழைய மாருதி 800க்கு வீட்லயே கூலன்ட் மாத்தப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

"வண்டி கொஞ்சம் தண்ணி குடிக்கும் சார், வாரம் ஒருவாட்டி பாத்து ஊத்திக்கோங்க." பழைய மாருதி 800, ஆம்னி வாங்குற பாதி பேருக்கு வித்தவர் சொல்லி அனுப்புற டயலாக் இது, நம்மாளும் டிக்கில ஒரு வாட்டர் பாட்டில போட்டுக்கிட்டு சுத்த ஆரம்பிச்சிடுவாரு. முதல் தப்பே இதான். எஞ்சினக் குளிர வைக்கிற இந்தத் தண்ணி, அதாவது கூலன்ட், சுத்துறது மூடின சிஸ்டம்ங்க. சூடாகி விரியுற தண்ணி ரிசர்வ் டேங்குக்குப் போகும், எஞ்சின் ஆறினதும் ரேடியேட்டர் மூடில இருக்கிற சின்ன வால்வு வழியா தானா திரும்பி வந்துடும். வாரா வாரம் குறையுதுன்னா ஒண்ணு வெளிய ஒழுகுது இல்ல எஞ்சினுக்குள்ள போகுது, ஊத்திக்கிட்டே இருந்தா அது சரியாகாது. ஹோஸ் ரெண்டு முனை, கிளாம்ப், ரேடியேட்டர் அடிப்பக்கம், வாட்டர் பம்புக்குக் கீழ இருக்கிற சின்ன ஓட்டை எல்லாத்தயும் டார்ச் அடிச்சுப் பாருங்க, காஞ்ச வெள்ளக் கறை எங்க இருக்கோ அங்கதான் கசிவு. எங்கயுமே இல்ல, ஆனா ஆயில் மூடிய திறந்தா உள்ள பால் காபி மாதிரி நுரையா இருக்கு, சைலன்சர்ல எஞ்சின் சூடான பிறகும் வெள்ளப் புகை நிக்கலன்னா அது பெரும்பாலும் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற சீல்) போனதுதான், அத வீட்ல வச்சுப் பாக்காம மெக்கானிக்கிட்ட விட்ருங்க.

அடுத்தது மூடி. அத வெறும் மூடின்னு நினைச்சு கடைல கிடைச்சத வாங்கி மாட்டிடுறாங்க. மேல 0.9, 1.1னு ஒரு நம்பர் இருக்கும், வெளிக்காத்து பிரஷருக்கு மேல உள்ள எவ்ளோ பார் பிரஷர் நிக்கணும்னு அர்த்தம். 0.9 பிரஷர்ல வெறும் தண்ணியே கிட்டத்தட்ட 118 டிகிரி வரைக்கும் கொதிக்காது, மூடி ரப்பர் போயிடுச்சுன்னா அந்த லாபம் மொத்தமும் போச்சு, 100லயே கொதிச்சிடும். சூட்டோட மூடியத் திறக்காதீங்கன்னு சொல்றதும் இதனாலதான், திறந்த நொடில பிரஷர் இறங்கி உள்ள இருக்கிற தண்ணி ஆவியா மாறி மூஞ்சிலயே அடிக்கும். துணி சுத்தித் திறக்கிற வீரமெல்லாம் வேணாம், மேல் ஹோஸ கையால தைரியமா அமுக்க முடியுற அளவுக்கு ஆறட்டும்.

இப்ப நம்ம ஊர் ஸ்பெஷல். "நம்ம வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு"ன்னு கழட்டி வீசுறது. எனக்கு இதக் கேட்டாலே கடுப்பாகும். அந்த வால்வு பொதுவா 82ல இருந்து 88 டிகிரிக்குள்ள திறக்கும், அதுவரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம எஞ்சின சீக்கிரம் சூடேத்தும். அது இல்லன்னா எஞ்சின் வேலை செய்ற சூட்டுக்கு வரவே ரொம்ப நேரம் ஆகும், பெட்ரோல் கூட குடிக்கும், தேய்மானமும் கூடும். ஓவர்ஹீட் ஆகுதுன்னு இதக் கழட்டுனா, உண்மையா அடைச்சுப் போன ரேடியேட்டரோ ஓடாத ஃபேனோ அப்படியேதான் இருக்கும். சந்தேகம்னா ஒரு பாத்திரத்துல தண்ணி கொதிக்க வச்சு உள்ள போடுங்க, திறக்கலன்னா புதுசு வாங்குங்க, விலை பெருசா ஒண்ணும் இல்ல. சூட்டப் பாத்து ஃபேன ஓட விடுற சுவிட்ச் இல்லாம டைரக்டா வயர் இழுத்து விடுறதும் இதே கதைதான்.

போர் தண்ணி ஊத்தாதீங்க. உப்புத் தண்ணி வீட்டு ஹீட்டர்ல என்ன பண்ணுதோ அதயேதான் ரேடியேட்டர் குழாய்லயும் பண்ணும். டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்க, பேட்டரி கடைல கேக்கும்போது டாப்-அப் தண்ணின்னு தெளிவா கேளுங்க, ஆசிட்டத் தூக்கிக் குடுத்துடப் போறாங்க. கூலன்ட்லயும் ரெடிமிக்ஸ்னா (ஏற்கனவே தண்ணி கலந்தது) அப்படியே ஊத்தணும், கான்சென்ட்ரேட்னா டிஸ்டில்டு வாட்டரோட பாதிக்குப் பாதி கலக்கணும், கலக்காம ஊத்துனா இன்னும் நல்லா குளுரும்ங்கறது தப்பு, தண்ணிதான் சூட்ட நல்லா இழுக்கும். பச்சை, சிவப்புன்னு கலர வச்சு முடிவு பண்ணாம டப்பா பின்னாடி படிங்க, பழசு என்னன்னு தெரியலன்னா முழுசா கழுவிட்டு ஒரே வகைய ஊத்துங்க.

ஒழுகுனா மஞ்சத்தூள் போடு, முட்டை ஊத்துன்னு ஐடியா குடுக்க ஆள் இருக்காங்க. நடுரோட்ல மாட்டிக்கிட்டா வீடு வந்து சேர உதவலாம், ஆனா ஓட்டைய அடைக்கிற அதே தூள் குறுகலான குழாயையும் அடைக்கும். பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர்னா கடைல ஈயம் வச்சுப் பத்த வச்சுக் குடுப்பாங்க, அதப் பண்ணுங்க.

ஊத்தி முடிச்சதும் மூடியப் போட்டுட்டுக் கிளம்புறதுதான் நிறைய பேர் கவுந்துடுற இடம். உள்ள காத்து மாட்டிக்கும். வண்டி மூக்கு கொஞ்சம் மேட்டுல இருக்கிற மாதிரி நிறுத்தி, ஆறின எஞ்சின்ல மூடியத் திறந்தபடியே ஸ்டார்ட் பண்ணி, ஹீட்டர் இருந்தா ஃபுல் சூட்டுல வச்சு, குமிழி வர்றது நிக்கிற வரைக்கும் மெதுவா ஊத்திக்கிட்டே இருங்க. மேல் ஹோஸ் சூடாச்சுன்னா தெர்மோஸ்டாட் திறந்துடுச்சு, அப்ப லெவல் சட்டுனு இறங்கும், நிரப்பி மூடிட்டு ஃபேன் ஒருவாட்டி ஓடி நிக்குதான்னு பாத்துட்டு, மறுநாள் காலைல குளிர்ந்த எஞ்சின்ல திரும்ப லெவல் பாருங்க. மீட்டர் முள்ள மட்டும் நம்பாதீங்க, தண்ணி சுத்தமா இறங்கிட்டா சென்சார் காத்துல நிக்கும், முள்ளு பாவம் போல கீழயே இருக்கும், அதுக்குள்ள அலுமினியம் ஹெட் வளைஞ்சு போயிருக்கும். அப்படி ஓவர்ஹீட் ஆனா பதட்டத்துல பச்சத்தண்ணிய எஞ்சின் மேல ஊத்தாதீங்க, ஆஃப் பண்ணிட்டு டீ குடிக்கப் போங்க.

வடிச்ச பழைய கூலன்ட்ட திறந்த பக்கெட்ல விட்டுட்டுப் போகாதீங்க, தெருவுலயும் கொட்டாதீங்க. இனிப்பா இருக்கும், நாய் நக்கும், விஷம். மூடி போட்ட கேன்ல புடிச்சு, குழந்தைங்க கைக்கு எட்டாம வச்சிருந்து, பழைய ஆயில் எடுத்துக்கிற ஒர்க்‌ஷாப்ல வாங்கிப்பாங்களான்னு கேட்டுக் குடுங்க.