குதிரை லாயத்தை எப்படிப் பார்க்கணும்? சாட்ஸ்வொர்த்தை வெச்சு ஒரு கைடு

இங்கிலாந்துல பெரிய பிரபு மாளிகைகளைச் சுத்திப் பார்க்கப் போறவங்க முக்கால்வாசிப் பேர் லாயத்துக்குள்ள நுழையறதே டீ குடிக்கத்தான் (இப்ப நிறைய லாயம் கஃபே ஆயிடுச்சு), கட்டடத்தை நிமிர்ந்துகூட பார்க்கிறதில்ல. என்னைக் கேட்டா மாளிகையைவிட லாயம்தான் சுவாரசியம், ஏன்னா மாளிகையில பாதி பகட்டுக்குக் கட்டினது, லாயத்துல வாசலைத் தாண்டிட்டா எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும். டெர்பிஷயர்ல இருக்கிற சாட்ஸ்வொர்த் மாளிகையை வெச்சே சொல்றேன்.

முதல்ல உள்ள போகாதீங்க. தள்ளி நின்னு லாயம் எங்க நிக்குதுன்னு பாருங்க. சாட்ஸ்வொர்த்ல அது மாளிகைக்கு வடகிழக்கே மேட்டுல இருக்கு. மாளிகையோட சொந்தக்காரரான 4ஆம் டெவன்ஷயர் டியூக், அதாவது 1756-57ல பிரிட்டன் பிரதமரா இருந்தவர், மாளிகைக்கு வர்ற வழியை மேற்குப் பக்கமா மாத்தினப்போ பார்வையை மறைச்ச பழைய லாயத்தை இடிச்சுட்டு, ஜேம்ஸ் பெயின்ங்கிற ஆர்க்கிடெக்ட்டை வெச்சு 1760 வாக்குல இந்தப் புதுசைக் கட்டினார். தூரத்துல இருந்து பார்த்தா இதுவே ஒரு அரண்மனைன்னு தோணும்.

வாசல் முழுக்க பந்தாதான். பட்டை பட்டையா கல் வெச்ச நாலு டோரிக் தூண் (அலங்காரம் குறைஞ்ச பழைய கிரேக்க பாணி), மேல முக்கோண முகப்புல பெரிய குடும்பச் சின்னம், நிஜ சைஸ்ல ரெண்டு கலைமான் (கொம்பு மட்டும் கல் இல்ல, அசல் மான் கொம்பு!), அதுக்கு மேல கடிகாரக் கோபுரம். இந்த மாதிரி லாயங்கள்ல கடிகாரம் நிறைய இருக்கும், கையில வாட்ச் இல்லாத வேலைக்காரங்களுக்கு அதுதான் நேரம். போட்டோ எடுத்துட்டு நகருங்க, இங்கயே நேரத்தைக் கரைக்காதீங்க.

இப்ப முற்றத்துக்கு வாங்க. கட்டடம் பக்கத்துக்கு சுமார் 190 அடி, சதுரம், ரெண்டு தளம். 80 குதிரைக்கு இடம், கூடவே கொல்லன் பட்டறை. மேல் மாடியில தானியக் கிடங்கும் வேலையாட்கள் தங்கற ரூமும். ஒரு ரூம் கதவுல 'மூணாவது போஸ்டிலியன்'னு ஆங்கிலத்துல பெயிண்ட்ல எழுதினது ரொம்ப நாள் அப்படியே இருந்துச்சு, போஸ்டிலியன்னா வண்டியில உட்காராம வண்டி இழுக்கிற குதிரை மேலயே உட்கார்ந்து ஓட்டுறவர், அதுல மூணாவது ஆள்னா எத்தனை பேரை வெச்சிருந்திருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

அடுத்து, எந்த லாயத்துக்குப் போனாலும் செய்ய வேண்டியது: சுவத்துல இருக்கிற ஓட்டைகளைப் படிக்கணும். அகலமான ஆர்ச் இருந்தா அது கோச் வண்டி நிறுத்தின இடம். கதவு குறுகலா, ஜன்னல் உயரத்துல இருந்தா உள்ள குதிரை கட்டியிருப்பாங்க. வெளிச்சம் நேரா கண்ணுல அடிக்கக்கூடாது, காத்தும் தலைக்கு மேலயே போயிடணும், அதான் ஜன்னல் மேல. வண்டியையும் குதிரையையும் ஏன் தனித்தனியா வெச்சாங்கன்னா மூத்திரத்துல இருந்து வர்ற அமோனியா வண்டியோட வார்னிஷைக் கெடுத்துடும். சேணம் வைக்கிற ரூமைக் கண்டுபிடிக்க புகைபோக்கியைத் தேடுங்க, தோல் பூஞ்சை பிடிக்காம இருக்க அங்க அடுப்பு எரியும்.

அப்புறம் தரை. குனிஞ்சு பாருங்க, வெட்கப்படாதீங்க. லேசான சரிவு, ஒரு ஓரமா வடிகால். வரி வரியா கோடு போட்ட நீலச் செங்கல் இருந்தா அது பெரும்பாலும் விக்டோரியா காலத்துல மாத்தினது, குளம்பு வழுக்காம இருக்க. வார்ப்பிரும்பு தீனித் தொட்டியும், கூரை உச்சியில வென்டிலேட்டரும்கூட அனேகமா அப்ப வந்ததுதான். அதுக்கு முன்னாடி நிறைய இடத்துல குதிரைக்கு நேர் மேல பரண்ல காஞ்ச புல்லை அடுக்கி ஓட்டை வழியா கீழ தள்ளுவாங்க, வேலை சுலபம்தான், ஆனா கீழ இருந்து ஏறுற சூடும் நாத்தமும் புல்லைக் கெடுக்கும், மேல இருந்து விழற தூசி குதிரையோட மூச்சைக் கெடுக்கும்.

கடைசியா, பிற்பாடு மாத்திக் கட்டின தடயங்கள். சாட்ஸ்வொர்த்ல 6ஆம் டியூக் 1830கள்ல பின்னாடி தனியா ஒரு வண்டிக் கொட்டகை கட்டினார், இப்ப அதுதான் ரெஸ்டாரண்ட். கடைசிக் குதிரை 1939ல போச்சு, அப்புறம் ஸ்டோர், கராஜ்னு ஆச்சு. அதனால சுவத்துல அடைச்ச கதவு, நிறம் மாறின கல், கல் வரிசை திடீர்னு மேலிருந்து கீழ நேர்கோடா முறியற இணைப்பு, இரும்பு வளையம், தேஞ்சு போன மூலைக் கல், இதெல்லாம் கண்ணுல படுதான்னு தேடுங்க.

இது பிடிச்சுப் போச்சுன்னா யார்க்‌ஷயர்ல வென்ட்வொர்த் உட்ஹவுஸ் மாளிகையோட லாயத்தைப் பாருங்க, ஆர்க்கிடெக்ட் ஜான் கார் 1768ல ஆரம்பிச்சது, 84 குதிரைக்கு. பிரான்ஸ் பக்கம் போனா ஷான்டீயி மாளிகையோட லாயம், 186 மீட்டர் நீளம், 240 குதிரை. ஆனா அங்க நான் சொன்ன வரிசை ஒத்து வராது, முற்றத்துல ஆரம்பிக்காம நேரா உள்கூடத்துக்குள்ள போயிடுங்க, அங்க பிரமிப்பே உள்ளதான் இருக்கு.