கொலராடோவில் நவம்பர் பனி: சறுக்கும் முன் மலைச்சாய்வைச் சோதிப்பது எப்படி?

கொலராடோவின் ராக்கி மலைகளில் அக்டோபர், நவம்பரில் பனி குறைவு. அதனால் பனிச்சரிவு வராது என்று புதியவர்கள் பலர் நம்பிவிடுகிறார்கள். உண்மை நேர்மாறானது. அந்த மாதங்களில் சறுக்கவோ ஏறவோ போதுமான பனி கிடப்பது சில இடங்களில் மட்டுமே: மரங்கள் முடியும் உயரத்துக்கு மேலே வடக்கு, வடகிழக்கு பார்த்த சாய்வுகள், காற்று பனியைக் கொட்டிவிட்டுப் போகும் பள்ளங்கள், பாறை இடுக்குகள். பனிச்சரிவுக்கும் அதே இடங்கள்தான் தோது.

காரணம் பழைய பனி. வெயில் படும் சாய்வுகளில் முதல் பனி உருகிவிடும். நிழலில் கிடப்பது தங்கிவிடும். அது 30 செ.மீ. கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் தரை 0 டிகிரியை ஒட்டி இருக்கும்; தெளிந்த இரவில் மேற்பரப்பு மைனஸ் 15 வரை இறங்கும். 10 செ.மீ.க்கு 1 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தாலே நீராவி மேல்நோக்கி நகர்ந்து, பனித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத படிகங்களாக மாற்றும். இங்கே வேறுபாடு அதைப்போல் ஐந்து மடங்கு. அள்ளினால் சர்க்கரை மாதிரி உதிரும். அதன்மேல் அடுத்த புயல் கெட்டியான பனிப்பாளத்தை ஏற்றும். அந்தப் பாளம் மொத்தமாக நழுவுவதுதான் ஆபத்து.

1. அறிக்கையைப் படியுங்கள். கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையத்தின் அன்றைய அறிக்கையில் ஆபத்து அளவைக் காட்டும் எண்ணை (1 முதல் 5 வரை) மட்டும் பார்க்காதீர்கள். எந்தத் திசை, எந்த உயரம், என்ன வகைச் சிக்கல் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தில் 2 என்றிருந்தாலும் மனிதர் மிதித்துப் பனிச்சரிவு கிளம்பலாம்.

2. பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சமிக்ஞைக் கருவி), குறைந்தது 240 செ.மீ. ப்ரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீள் கம்பி), உலோக ஷவல் (மண்வாரி) மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். செல்போன் பீக்கனிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருக்கட்டும்; தேடும்போது 50 செ.மீ. கிளம்பும் இடத்திலேயே எல்லோருடைய பீக்கனும் அனுப்புகிறதா, பெறுகிறதா என்று பாருங்கள்.

3. சாய்வை அளவிடுங்கள். ஊன்றுகோலைச் சாய்வின் மேல் படுக்க வைத்து, அதன்மேல் சாய்வுமானியை வைத்தால் போதும். 30 முதல் 45 டிகிரி வரை ஆபத்தான வரம்பு. 30க்குக் கீழே நின்றாலும் தலைக்கு மேல் செங்குத்தான சாய்வு இருந்தால் நீங்கள் அதன் பாதையில்தான் இருக்கிறீர்கள்.

4. குழி தோண்டிச் சோதியுங்கள். போக நினைக்கும் திசையையே பார்த்த, ஆனால் சிறிய, கீழே ஆபத்தில்லாத சாய்வைத் தேர்ந்தெடுங்கள். குறுக்கே 90 செ.மீ., மேல்நோக்கி 30 செ.மீ. அளவில் ஒரு பனித்தூணைப் பிரித்தெடுங்கள். பின்பக்கத்தை முடிச்சுப் போட்ட கயிற்றால் அறுக்க வேண்டும். தூணின் மேல் ஒரு ஓரத்தில் ஷவலை வைத்து மணிக்கட்டிலிருந்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 தட்டு. விரிசல் தோன்றிய தட்டிலோ அடுத்த தட்டிலோ அது மறுமுனை வரை ஓடினால் அன்று அந்தச் சாய்வு வேண்டாம். ஓடாவிட்டாலும், போகலாம் என்று அர்த்தமில்லை. பின்பக்கம் சரியாக அறுபடாதது, பனி மிக மெல்லிய இடத்தில் தோண்டியது, பாளம் மென்மையாக இருந்து ஷவலுக்கடியிலேயே நசுங்கியது என்று முடிவு தவறப் பல வழிகள் உண்டு. காலடியில் 'வும்ப்' என்ற சத்தமோ, பனிச்சறுக்குக் கட்டையின் முன்னால் ஓடும் விரிசலோ, பக்கத்துச் சாய்வில் புதிய பனிச்சரிவோ தென்பட்டால் சோதனையே தேவையில்லை. திரும்புங்கள்.

5. ஒருவர் ஒருவராகக் கடந்து செல்லுங்கள்; மற்றவர்கள் பாதுகாப்பான இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கட்டும். பாறை எட்டிப்பார்க்கும் ஓரங்களில் பாளம் மெல்லியது. அடியிலுள்ள பலவீன அடுக்கை உங்கள் எடை அங்கேதான் எளிதாகத் தொடும். சீசன் தொடக்கத்தில் முழங்கால் உயரப் பனிச்சரிவுகூடப் பாறைகள்மேலும் மரக்கட்டைகள்மேலும் இழுத்துப்போகும், தலைக்கவசம் கட்டாயம். லவ்லேண்ட் கணவாய், பெர்தவுட் கணவாய் போன்ற இடங்களில் காரை நிறுத்திய உடனே உயரமான சாய்வுகளுக்குப் போய்விடலாம் என்பதால் இந்தப் படிகளைத் தாண்டிவிடும் ஆசை வரும்.

ஏறுபவர்களுக்கு ஒன்று: பாறை இடுக்கில் ஒதுங்க இடமில்லை, சிறு பனிச்சரிவும் அடிவாரத்தில் ஆழமாகக் குவியும். மேலே வேறு குழு இருந்தாலோ, முகட்டிலிருந்து காற்று பனியை உள்ளே வீசினாலோ நுழையாதீர்கள்.