அடைப்புக்குறியைத் தாண்டிப் போகாதீர்கள்

கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போய்வந்தவர்களுக்குக் குறிஞ்சி என்றால் 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் பூ. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியான தமிழ் லெக்சிகனைப் (1924–1936) புரட்டினால் மலைநிலம், பண் (ராகம் போன்ற இசை வகை) என்று அந்தச் சொல்லின் பொருள் பட்டியல் நீள்கிறது. யூகமல்ல அது. அகராதி தொகுப்பவர்கள் சொல் வரும் அடிகளைத் திரட்டி, அக்கம்பக்கச் சொற்களை வைத்துப் பொருளைப் பிரிக்கிறார்கள். குறுந்தொகையில் ‘கருங்கோற் குறிஞ்சிப்பூக் கொண்டு’ தேன் இழைக்கப்படுகிறது, அங்கே செடி. திருமுருகாற்றுப்படையில் ‘குறிஞ்சி பாடி’ என்று வருகிறது. பூவைப் பாடக்கூடாதா என்று கேட்கலாம்தான், ஆனால் அது வழிபாட்டுக் காட்சி, பாடுவது பண்.

அதனால் பழைய சொல்லுக்குப் பொருள் தேடும்போது, அகராதியில் பொருளுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் நூற்பெயர்ச் சுருக்கத்தைப் பிடித்து மூல அடியைப் படியுங்கள். முதலில் போட்டிருக்கும் பொருளையே எல்லா இடத்துக்கும் ஒட்டவைக்க வேண்டாம்.