ரைஃபிள் தோட்டாவைக் கையால் நிரப்புவது யாருக்குக் கட்டுப்படியாகும்?

சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை மீண்டும் நிரப்பிக்கொள்ளலாமா என்று யோசிப்பவர், கருவிகளின் விலையை விசாரிப்பதற்கு முன் தம் நாட்டுச் சட்டத்தை விசாரித்துவிட வேண்டும். துப்பாக்கிக்கு உரிமம் இருக்கிறது என்பதாலேயே வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கும் ப்ரைமரும் வாங்கி வைத்துத் தோட்டா நிரப்பும் உரிமையும் வந்துவிடும் என்று கொள்ள முடியாது. அனுமதி இல்லாத இடத்தில் மேற்கொண்டு கணக்குப் பார்க்க ஒன்றுமில்லை.

அனுமதி உண்டென்றால் அடுத்தது பணம். கூடு, ப்ரைமர், மருந்து, பாய்ந்து செல்லும் குண்டு என்ற நான்கு பாகங்களில் பலமுறை பயன்படுவது கூடு ஒன்றே. மிச்சம் பிடிப்பதற்கான வழியும் அதில்தான் இருக்கிறது. ஒரு பவுண்டு மருந்து 7,000 கிரெய்ன் எடை. .308 வின்செஸ்டர் என்ற ரகத் தோட்டாவுக்கு 44 கிரெய்ன் போகும் என்று கணக்குக்காக மட்டும் வைத்துக்கொண்டால், ஒரு பவுண்டில் 159 தோட்டாக்கள் நிரப்பலாம். அவ்வாறு வரும் மருந்துச் செலவோடு ப்ரைமர், குண்டு ஆகியவற்றின் விலையையும், கூட்டின் விலையை அது தாங்கும் தடவைகளால் வகுத்த தொகையையும் கூட்டி, கடைத் தோட்டாவின் விலையிலிருந்து கழிக்க வேண்டும். நெம்புகோலால் அழுத்தும் பிரஸ், அதில் பொருத்தும் அச்சான டை, தராசு, நீளம் அளக்கும் காலிப்பர், கூட்டின் நீளத்தைச் சீராக்கும் கருவி ஆகியவற்றின் மொத்த விலையை அந்த மீதியால் வகுத்தால், எத்தனை தோட்டாக்களுக்குப் பின் போட்ட முதல் திரும்பும் என்பது தெரியும்.

.223 போன்று மலிவாகக் கிடைக்கும் ரகங்களுக்கு இந்த விடை பெரும்பாலும் ஏமாற்றமளிக்கும். வேட்டைக்காக ஆண்டுக்கு ஓரிரு பெட்டிகள் மட்டும் சுடுபவருக்கும் அப்படியே. மருந்து அதிகம் கொள்ளும் பெரிய மேக்னம் ரகங்களுக்கும் கடைகளில் அரிதாகிவிட்ட பழைய ரகங்களுக்கும் முதல் விரைவில் திரும்பும். (மிச்சமான பணம் கையில் நிற்கும் என்று நம்ப வேண்டாம், அது கூடுதலாகச் சுடுவதற்கே போய்விடும்.)

பணத்தைவிட வலுவான காரணம் துல்லியம் என்பதே என் கருத்து. மருந்தின் அளவையும் குண்டு அமரும் ஆழத்தையும் தம் குழலுக்கு ஏற்றபடி சிறுகச் சிறுக மாற்றிப் பார்க்கும் வசதி கடைத் தோட்டாவில் இல்லை. ஆயினும் தரமான போட்டித் தோட்டாவிலேயே குறி சிதறுகிறது என்றால், முதலில் ஐயப்பட வேண்டியது தோட்டாவை அல்ல, சுடுபவரின் பயிற்சியையும் துப்பாக்கியையும்.

நேரத்தையும் மனப்போக்கையும் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. சாதாரண பிரஸ்ஸில் ஒவ்வொரு கூடும் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே கைக்கு வந்துபோகும். மருந்து அதிகமானால் துப்பாக்கியே வெடிக்கலாம். மருந்தே விழாமல் போனால் குண்டு குழலுக்குள் சிக்கி, அடுத்த தோட்டாவைச் சுடும்போது ஆபத்தாகும். அச்சிட்ட கையேட்டின் தொடக்க அளவிலிருந்து படிப்படியாக ஏறும் பொறுமை இல்லாதவரும், பேசிக்கொண்டே வேலை செய்பவரும் இதில் இறங்காமல் இருப்பது நல்லது.

முடிவெடுக்கும் முன் கையிலுள்ள காலிக் கூடுகளுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கலாம். அடியில் நடுவே ஒரே துளை இருந்தால் அது பாக்ஸர் வகை. வழக்கமான டையின் ஊசி பழைய ப்ரைமரை எளிதில் தள்ளிவிடும். இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் பெர்டான் வகை, ஊசி வளையவோ உடையவோ கூடும். சேர்த்து வைத்தவற்றில் பெரும்பகுதி இரண்டாவது வகை என்றால், புதுக் கூடுகளின் விலையையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.